ஐம்பத்திரண்டு சதவீதத்தில் டோவ்ர மலை

ஜனவரி 11, ஞாயிறு

நிருவின் கல்யாணத்துக்கு நாள் வைத்துவிட்டார்கள். பெப்ரவரி ஏழு, துரொண்ட்ஹைமில், மாப்பிள்ளை வீட்டாரின் ஊரில். சனிக்கிழமை. பஞ்சாங்கத்தில் எத்தனை நல்ல நாள் இருந்தாலும் நோர்வே ஐயர்மார் தேடித் தேடிக் கடைசியில் சனிக்கிழமைக்குத்தான் வந்து சேர்வார்கள். மண்டபம் அன்றைக்குத்தான் கிடைக்கும்.

நிரு என் மனைவி ரதியின் அக்கா மகள். அவளுடைய தகப்பன் விக்கினராசா எனக்குச் சகலன். அவரோடு நான் கதைத்து ஒன்பது வருடமாகிறது. ஒஸ்லோவில் இரண்டு பேரும் ஒரே ரயில் பாதையில் நாலு நிறுத்தம் தள்ளித்தான் இருக்கிறோம். கோயிலில் ஒரே தூணுக்கு இரண்டு பக்கமும் நின்று கும்பிட்டிருக்கிறோம். கதைத்ததில்லை.

காரணத்தை இங்கே எழுதிவைக்கிறேன், ஏனென்றால் ரதி அது ஒரு காரணமே இல்லை என்கிறாள். தமிழ்ச் சங்கத்து ஆண்டு விழாவில் பட்டிமன்றம். புலம்பெயர்ந்த மண்ணில் நாம் பெரிதும் இழந்தது உறவையா, ஓய்வையா என்பது தலைப்பு. ஓய்வு அணிக்கு நான் தலைவர். விக்கினராசா நடுவர். எனக்கு எட்டு நிமிடம் தந்திருந்தார்கள். ஆறாவது நிமிடத்தில், பேச்சின் முக்கியமான இடத்துக்கு வரும்போது, மனிதர் மணியை அடித்துவிட்டார். முந்நூறு பேருக்கு முன்னால் நான் வாயைத் திறந்தபடி நின்றேன். அந்தப் படம் இன்னும் சங்கத்தின் முகநூலில் கிடக்கிறது.

மாலையில் நிருவே தொலைபேசி எடுத்தாள். "சித்தப்பா, நீங்கள் வராட்டி நான் மணவறையில இருந்து எழும்பி வந்திடுவன். சும்மா சொல்லேல்லை."

"யோசிச்சுச் சொல்லுறன்" என்றேன்.

யோசித்தேன். போகலாம். ஆனால் விமானத்தில் இல்லை, காரில்.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். பால் பொங்கி அடுப்பு அணைந்துவிட்டது. மின்அடுப்பில் பொங்கினால் வரும் பிழை அது. ரதி துடைத்துக்கொண்டே கேட்டாள்: "ஐந்நூறு கிலோமீற்றர். பெப்ரவரியில. கரன்ட் காரில. ஏனப்பா உங்களுக்கு இந்த வேலை?"

சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன். போன வருடம் ஒரு பிறந்தநாள் வீட்டில் விக்கினராசா என் காரைப் பற்றி நாலு பேருக்கு முன்னால் சொன்னாராம்: "தவபாலன்ர கார் கடைக்குப் போய்வர நல்லது. டோவ்ர மலை ஏறச் சொன்னால் மூச்சு வாங்கும்." எனக்கு இது மூன்று வழிகளில் வந்து சேர்ந்தது. மூன்றிலும் வார்த்தை மாறவில்லை, ஆகவே உண்மை.

நான் மின்பொறியியல் படித்தவன். இருபத்தாறு வருடம் நகரசபையின் நீர் விநியோகப் பிரிவில் பம்புகளுக்குக் கணக்குப் போடுகிறேன். பிரிவுத் தலைவர் பதவி, நீருக்கும் மின்சாரத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லாத ஒரு பொடியனுக்குப் போனது. அதைப் பற்றி இன்னொரு நாள் எழுதுகிறேன். ஒரு மலையை மின்சாரத்தில் ஏறி இறங்குவது எப்படியென்று அந்தப் பிறந்தநாள் வீட்டில் இருந்தவர்களில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

ஜனவரி 18, ஞாயிறு

திட்டம் போட்டேன். கோடையில் முழு சார்ஜில் நானூற்றிச் சொச்சம் கிலோமீற்றர் ஓடும் கார், மைனஸ் பத்தில் முந்நூறு தாண்டாது. எதிர்க்காற்று அடித்தால் அதுவும் இல்லை. பட்டரி குளிர்ந்திருந்தால் சார்ஜும் ஆமை வேகத்தில்தான் ஏறும். ஆகவே புறப்படும் முன் வீட்டு மின்சாரத்திலேயே காரைச் சூடாக்க வேண்டும். எண்பது சதவீதத்துக்கு மேல் சார்ஜ் பண்ணக் காத்திருப்பது முட்டாள்தனம். லில்லஹாமரில் ஒரு முறை. டோவ்ர மலையடிவாரமான டொம்போஸில் ஒரு முறை, அங்கே கட்டாயம் எண்பது. மலைக்கு அப்பால் ஒப்டாலில் ஒரு முறை. பிறகு இறக்கம்தான்.

மின்சாரத்தை அதிகம் தின்பது சக்கரம் அல்ல, உள்ளே இருப்பவர்களின் சுகம். வெப்பமூட்டியைக் குறைத்தால் மலை தானாகக் குறையும்.

ஜனவரி 24, சனி

ஒத்திகை. எடை சரியாக இருக்க வேண்டுமென்று தமிழ்க் கடையில் அரிசி மூட்டைகள் வாங்கி ஏற்றினேன். பின்னால் ரதியின் பெட்டிகளுக்குப் பதிலாக இரண்டு. முன் இருக்கையில் நாலு. இருக்கைப் பட்டி போடாவிட்டால் கார் ஓயாமல் கத்துகிறது என்பதால் அரிசிக்குப் பட்டியும் போட்டுவிட்டேன். ஹமார் வரை போய் வந்தேன். கணக்குக்கும் கண்டதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

வாசலில் ரதி நின்றாள். "நான் பிளேனில போறன் எண்டு சொல்லிப்போட்டன். முன் சீற்றில ஆருக்கு இடம்?"

"ஒருத்தருக்கும் இல்லை. எடைக்கு."

"நாலு மூட்டை எண்பது கிலோ" என்றாள். "விக்கினராசா அத்தான் எண்பத்திரண்டு."

அரிசியை இறக்க உதவாமல் உள்ளே போய்விட்டாள்.

ஜனவரி 30, வெள்ளி

மைனஸ் பதினாறு. புது வேட்டி, சால்வை வாங்கினேன். கரை பொன்னிறம். ரதி கேட்டால் பழையதில் கறை இருக்கிறது என்று சொல்ல வேண்டும்.

பெப்ரவரி 4, புதன்

ரதியும் நிருவும் அவளுடைய தாய் கலா அக்காவும் விமானத்தில் போய்விட்டார்கள். விக்கினராசாவின் காரில் வாழைமரம், குத்துவிளக்கு, பலகாரப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு அவருடைய தம்பி குடும்பம் போயிருக்கிறது. விக்கினராசா மட்டும் ஒஸ்லோவில். வெள்ளி காலை சென்னையிலிருந்து மாலைகள் வருகின்றன. அவற்றை எடுத்துக்கொண்டு மத்தியான விமானத்தில் போவாராம். இங்கே கிடைக்கும் பூவில் கட்டினால் கல்யாண மாலை மாதிரி இராது, கல்லறையில் வைக்கிறது மாதிரி இருக்கும் என்பது அக்காவின் அபிப்பிராயம். அதில் எனக்கும் உடன்பாடு.

நானும் வெள்ளி காலை புறப்படுகிறேன். தனியாக. நிம்மதி.

பெப்ரவரி 6, வெள்ளி, காலை

கார் சூடாகிக்கொண்டிருந்தபோது ரதியின் அழைப்பு. குரலைக் கேட்டதுமே ஏதோ பிழையென்று தெரிந்துவிட்டது.

"இஞ்சருங்கோ, வடக்க புயலாம். துரொண்ட்ஹைம் பிளேன் எல்லாம் நிப்பாட்டிப்போட்டாங்கள். ரயிலும் இல்லை. அத்தான் பூப் பெட்டியளோட எயார்போர்ட்டில நிக்கிறார்."

நான் முன் இருக்கையைப் பார்த்தேன்.

"நாளைக்குப் பத்தரைக்கு முகூர்த்தம். தகப்பன் இல்லாமல் ஆர் தாரை வார்க்கிறது? அக்கா காலமையில இருந்து அழுகிறா. நிரு அழேல்லை. 'சித்தப்பா கூட்டிக்கொண்டு வருவார்' எண்டு சொல்லிப்போட்டு மருதாணி வைக்க இருந்திட்டாள்."

"முன் சீற்றில என்ர சாமான் இருக்கு" என்றேன்.

"எடுத்துப் பின்னுக்கு வையுங்கோ" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அன்றே, லில்லஹாமர்

சார்ஜ் ஏறுகிறது. கோப்பிக்கடையில் இருந்து எழுதுகிறேன். அவர் காரிலேயே இருக்கிறார்.

விமான நிலைய வாசலில் இரண்டு பெரிய தெர்மக்கோல் பெட்டிகளை அணைத்தபடி நின்றார். ஒன்பது வருடத்தில் தலைமுடி முழுக்க நரைத்துவிட்டது. கோயிலில் தூரத்திலிருந்து பார்க்கும்போது தெரியவில்லை. பெட்டிகளைப் பின் இருக்கையில் வைத்தோம். நான் "பெல்ட்டைப் போடுங்கோ" என்றேன். அவர் போட்டார். நூற்றைம்பது கிலோமீற்றருக்கு வேறு பேச்சு இல்லை.

ஒரு பிரச்சினை. மாலையை நாலைந்து பாகைச் சூட்டுக்கு மேல் வைத்திருக்கக் கூடாதென்று பெட்டியில் எழுதியிருக்கிறது. உறையவும் கூடாது. நான் வெப்பமூட்டியைக் குறைத்தேன். அவர் தன் மேலங்கியின் சிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டார். முறைப்பாடு இல்லை.

பூவுக்குக் குளிர் வேண்டும். காருக்கும் குளிர் நல்லது. எங்கள் இருவருக்கு மட்டும்தான் ஒத்துவராது. இவ்வளவு வடிவாகப் பொருந்திய திட்டத்தை நான் இதுவரை போட்டதில்லை.

அன்றே, டொம்போஸ், பின்னேரம்

பனி பக்கவாட்டில் கொட்டுகிறது. கிழக்குப் பக்கத்துப் பள்ளத்தாக்கு வழியில் லொறி ஒன்று கவிழ்ந்து பாதையை மூடிவிட்டார்கள்; எல்லாரும் இந்தப் பக்கம் வந்துவிட்டார்கள். சார்ஜ் நிலையத்தில் நீண்ட வரிசை. எங்கள் முறை வந்து முப்பத்தொன்றிலிருந்து ஏறிக்கொண்டிருந்தபோது அறிவிப்பு வந்தது. மலைமேல் தனியாக யாரும் ஓட்ட முடியாது. பனி அகற்றும் வண்டியின் பின்னால் எல்லாக் கார்களும் ஒன்றன்பின் ஒன்றாகப் போக வேண்டும். கொஞ்ச நேரத்தில் ஒரு தொடர் புறப்படும். அதற்குப் பிறகு பாதையை மூடுகிறார்கள். நாளை மத்தியானத்துக்கு முன் திறப்பார்களென்று சொல்ல முடியாது.

அந்த நேரம் ஐம்பத்திரண்டு சதவீதம். என் திட்டத்தில் இந்த இடத்தில் எண்பது.

எண்பதுக்குக் காத்திருந்தால் கல்யாணம் இல்லை. ஐம்பத்திரண்டில் போய் நடுமலையில் நின்றால், பின்னால் வரும் அத்தனை பேரும் எங்களைச் சுற்றிப் போக வேண்டும். அதைவிட மோசம், அப்போதும் கல்யாணம் இல்லை. ஒப்டால்வரை எண்பது கிலோமீற்றர், முதல் பாதி ஏற்றம். வெப்பமூட்டி போட்டால் சார்ஜ் நிச்சயம் காணாது, பாதியில் தீர்ந்துவிடும். அடியோடு நிறுத்தினால் காணும் என்று கணக்கு சொல்கிறது. கணக்கு காற்றைக் கேட்டுப் போட்டதல்ல.

முதல் தடவையாக அவரிடம் திரும்பிச் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன், காற்றையும் சேர்த்து. பிறகு, "உங்கட மகளின்ர கல்யாணம். நீங்கள் சொல்லுங்கோ" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, திரையில் இருந்த இலக்கத்தைப் பார்த்தார். "எனக்கு உது விளங்காது. உமக்கு விளங்கும். நீர் ஓம் எண்டால் ஓம்."

சார்ஜ் வயரைக் கழற்றிவிட்டேன். வரிசையில் நிற்கிறோம். எழுதுவதால் கை கொஞ்சம் சூடாகிறது.

அன்றே, ஒப்டால்

ஆறு சதவீதம்.

அதை முதலில் எழுதிவிட்டேன். இனி ஆறுதலாக எழுதலாம். உணவுக் கடையில் சூப் குடித்துக்கொண்டிருக்கிறோம். விக்கினராசா அண்ணை இரண்டாவது கோப்பை.

டொம்போஸில் மலைப்பாதையின் தடுப்புக் கட்டையடியில் மஞ்சள் அங்கி போட்ட ஒரு நோர்வேப் பெண் ஒவ்வொரு காராக எட்டிப் பார்த்தாள். எங்கள் காரில் இரண்டு கம்பளி இருந்தன. ஒன்றைப் பூப் பெட்டிகளுக்குச் சுற்றியிருந்தோம். மற்றதை இரண்டு பேரின் முழங்காலுக்கும் குறுக்காகப் போட்டிருந்தோம். அவள் கொஞ்ச நேரம் எங்களையே பார்த்தாள். வெப்பமூட்டி பழுதா என்று கேட்டாள். இல்லை, நிறுத்தியிருக்கிறோம் என்றேன். பின்னால் என்ன என்று கேட்டாள். அண்ணை பெட்டி மூடியைத் திறந்து காட்டினார். மல்லிகை வாசம் அந்தப் பனிக்குள் போனது. "நாளைக்கு என் மகளுக்குக் கல்யாணம்" என்றார், முப்பது வருடமாகியும் திருந்தாத தன் நோர்வே மொழியில். அவள் எங்களை வரிசையிலிருந்து வெளியே எடுத்து, பனி அகற்றும் வண்டிக்கு நேர் பின்னால் கொண்டுபோய் விட்டாள். அங்கே பாதையும் புதிது, காற்றும் குறைவு. நான் போட்ட எந்தக் கணக்கிலும் அந்தப் பெண் இல்லை.

ஏறத் தொடங்கினோம். முன்னால் சுழலும் மஞ்சள் விளக்கைத் தவிர உலகத்தில் வேறொன்றும் இல்லை. இருக்கைச் சூடு மட்டும் போட்டிருந்தேன். அது அதிகம் தின்னாது. இருவரும் பேசவில்லை. கண்ணாடி தெளிவாக இருந்தது. நாற்பத்தைந்து. நாற்பத்தொன்று.

"கால் விறைச்சுப்போச்சு" என்றார்.

"சப்பாத்துக்குள்ள விரலை ஆட்டுங்கோ" என்றேன்.

"ஆட்டுறன். அது ஆடுதோ எண்டுதான் தெரியேல்லை."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்ததில் மூச்சு முழுக்க முன்கண்ணாடியில் போய்ப் படிந்தது. அவரும் சிரித்தார். இரண்டு நிமிடத்தில் மஞ்சள் விளக்கு மங்கலாகிவிட்டது. வெப்பமூட்டி இல்லாத காரில் வாயைத் திறந்தால் கண்ணாடி மூடும். இதை நான் திட்டத்தில் சேர்த்திருக்கவில்லை, தனியாகப் போவதாகத்தானே இருந்தேன்.

"கதைச்சால்தான் மங்குது" என்றேன். "கதைக்காமல் வாங்கோ."

"ஒன்பது வருசம் காணாதோ?" என்றார்.

பிறகு பையைத் திறந்து, நாளைக்குக் கட்டவிருந்த பட்டுச் சால்வையை எடுத்துக் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினார். நான் வேண்டாம் என்றேன். "பட்டு நல்லாத் துடைக்குது, பாரும்" என்றார். துடைத்ததும் கதைத்தார். கதைத்ததும் மங்கியது. திரும்பத் துடைத்தார். இப்படியே மலை ஏறினோம்.

உச்சியை நெருங்கும்போது பதினாறு. அந்த இடத்தில் நான் மணியைப் பற்றிக் கேட்டேன். நாளைக்குப் பிறகு கேட்க வசதி வராது என்று தோன்றியது.

"ஏன் அண்ணை அண்டைக்கு ஆறு நிமிசத்தில மணி அடிச்சனீங்கள்?"

அவர் துடைப்பதை நிறுத்தினார். "அதுக்கோ கதைக்காமல் விட்டனீர்? நான் நினைச்சன், உம்மட அணிக்குத் தீர்ப்புச் சொல்லேல்லை எண்டு."

"தீர்ப்பு வேற கணக்கு."

"நீர் அடுத்ததா எங்கட சங்கப் பொருளாளரை நக்கலடிக்கத்தானே வந்தனீர்? வீட்டில ஒத்திகை பார்த்தனீராம். ரதி முன்வரிசையில இருந்து 'அடியுங்கோ அத்தான், அடியுங்கோ' எண்டு கையைக் காட்டினவ. அந்த மனுசன் உம்மை மேடையிலேயே அடிச்சிருப்பான் காணும்."

நான் கொஞ்ச தூரம் பேசாமல் ஓட்டினேன். கண்ணாடி தெளிந்தது. பிறகு, "இவ்வளவு நாளும் ஏன் சொல்லேல்லை?" என்றேன்.

"சொன்னால் என்ன நடக்கும்? நீர் அவவோட கதைக்காமல் விட்டிருப்பீர். என்னோட கதைக்காட்டி என்ன, நான் நாலு ஸ்டேசன் தள்ளி இருக்கிறன். ஒரு வீட்டுக்குள்ள ஏலுமோ?" சால்வையைப் பிழிவது போல முறுக்கினார். "மற்றது, எனக்கும் நிம்மதியாத்தான் இருந்தது. நீர் கதைக்கத் தொடங்கினால் எட்டு நிமிசத்தில முடியிறதில்லை."

இதைக் கேட்டு நான் கோபப்பட்டிருக்க வேண்டும். இறக்கம் தொடங்கியிருந்தது. கார் தானே மின்சாரத்தைத் திரும்பச் சேர்க்கத் தொடங்கியதில் கவனம் போய்விட்டது. நான் அவருக்கு அதை விளக்கினேன்: பிரேக்குக்குப் பதிலாக மோட்டாரே எப்படி வண்டியைப் பிடிக்கிறது, அந்த விசை எப்படிப் பட்டரிக்குள் போகிறது. அவர் நிறையக் கேள்வி கேட்டார். நல்ல கேள்விகள். நடுவராக இருந்தபோது இப்படி ஒன்றும் கேட்டதில்லை.

ஒப்டால் விளக்குகள் தெரிந்தபோது அவர் சன்னலைக் கொஞ்சம் இறக்கி வெளியே பார்த்து, "மூச்சு வாங்கேல்லை" என்றார். எதைச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

இப்போது ரதிக்குத் தொலைபேசி எடுத்திருக்கிறார். "வந்திட்டம். ஓம், ரெண்டு பேரும். ஓம், கதைக்கிறம். இல்லை, நிப்பாட்ட மாட்டார் போல கிடக்கு." அந்தப் பக்கம் யாரோ பெரிதாகச் சிரிக்கிறார்கள். நிருவின் குரல்.

பெப்ரவரி 7, சனி

எல்லாம் நல்லபடி முடிந்தது. மண்டபத்தின் சூட்டில் பூ வாடும் என்பதால் மாலைகளைக் கடைசி நிமிடம்வரை காரிலேயே வைத்திருந்தேன். காருக்குள் நாலு பாகை. வேட்டி சால்வையோடு காலை முழுவதும் அதற்குள் இருந்து காவல் காத்தேன். ரதி ஒரு தடவை தேத்தண்ணி கொண்டுவந்து தந்தாள். அவளிடம் அந்த மணியைப் பற்றி ஒரு விஷயம் கேட்க இருக்கிறது. இன்றைக்கு வேண்டாமென்று விட்டுவிட்டேன். அவளும் நின்று என்னைப் பார்த்தாள், கேட்கவில்லை.

தாரை வார்க்கும்போது விக்கினராசா அண்ணையின் சால்வை நன்றாகக் கசங்கியிருந்தது. ஐயர் அதைக் கண்டு முகம் சுளித்தார். அண்ணை கவனிக்கவேயில்லை. மகளின் கையைப் பிடித்து மாப்பிள்ளையின் கையில் வைத்தார்.

பிறகு மாலை மாற்றினார்கள். மல்லிகை இப்போதுதான் பறித்தது போல வெள்ளை வெளேரென்று இருந்தது. நிரு மாலையைப் போட்டதும் மாப்பிள்ளை துள்ளிப் பின்னால் விலகிவிட்டான். பனிக்கட்டியைக் கழுத்தில் சுற்றினால் யாரும் துள்ளத்தான் செய்வார்கள். மேளக்காரர் அடிப்பதை விட்டுவிட்டுச் சிரித்தார். அவனுடைய முறை வந்தபோது நிருவும் தோளை உயர்த்திக் கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு கண்ணைத் திறந்து கூட்டத்துக்குள் தேடினாள்.

ஐயரின் ஒலிவாங்கியில் அவளுடைய குரல் மண்டபம் முழுவதும் கேட்டது. "சித்தப்பா, மாலை சரியாக் குளிருது."

"அப்பிடித்தான் பிள்ளை இருக்க வேணும். நாலு பாகை" என்றேன்.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் அந்த நேரம் ஒரு கதிரையின் மேல் ஏறி நின்றிருந்தேன் என்று ரதி பிறகு சொன்னாள். எப்போது ஏறினேனென்று தெரியவில்லை.

பெப்ரவரி 8, ஞாயிறு

வெயில். மைனஸ் நாலு. மலைப்பாதை திறந்திருக்கிறது. அண்ணையும் அக்காவும் விமானச் சீட்டை விட்டுவிட்டு எங்களோடு வருகிறார்கள். காரில் நாலு பேர், மிச்சப் பலகாரம், வெப்பமூட்டி இருபத்திரண்டு பாகையில். எல்லோரும் கதைக்கிறார்கள். இப்படிப் போனால் மூன்று இடத்தில் போதாது, ஐந்து இடத்திலாவது சார்ஜ் பண்ண நிற்க வேண்டிவரும்.

நிற்கலாம்.